உப்பும் ஓசிச் சாப்பாடும்

சலூன் என்றால் தமிழில் முடிவெட்டுகிற இடம். பிரெஞ்சுக்காரனின் வரவேற்பறையிலிருந்து கிளம்பிய சொல் ஆங்கிலம் வழியாக இங்கே வந்து கத்தரிக்கோலும் கண்ணாடியுமாக உட்கார்ந்துகொண்டது. அட்லாண்டிக்கைத் தாண்டியபோது சாராயக் கடையாயிற்று. எனக்கு இங்கே அக்கறை இரண்டாவது சலூன் மேல். அதிலும், அங்கே குடித்ததைவிடத் தின்றது மேல்.

ஹாலிவுட் கௌபாய் படங்களை நினைத்துப் பாருங்கள். அரைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வருவான், விஸ்கி கேட்பான், ஒரே மடக்கு, அப்புறம் துப்பாக்கி. எவனாவது எதையாவது மென்று தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. (வயிறு என்று ஒன்று இருந்தது லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லருக்குத்தான். தடிமனான வறுத்த கறியும் மலைபோல உருளைக்கிழங்கும் கேட்டு வாங்கித் தின்பார். எழுதியவர்கள் இத்தாலிக்காரர்களாச்சே.) தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வத்தை அடுத்து உணவைச் சொல்கிறது. உணவு இல்லாத நிலம் நிலமாகாது. ஹாலிவுட்டின் மேற்கு அப்படி உணவு கழிக்கப்பட்ட நிலம். தட்டு வந்தால் கூடவே சமைத்தவன் வருவான், சுமந்தவன் வருவான், காசு யாருடையது என்ற கேள்வி வரும். யாரையும் சார்ந்திராத தனிமனிதன் என்கிற புனைவு அங்கேயே பிசுபிசுத்துப் போகும்.

இந்தப் புனைவுக்கு வரலாற்றுத் துறையில் அங்கீகாரம் வாங்கித் தந்தவர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர். 1890 மக்கள்தொகைக் கணக்கு, இனி எல்லைக்கோடு என்று காட்ட எதுவும் இல்லை என்று அறிவித்தது. 1893இல் சிகாகோவில் டர்னர் தன் கட்டுரையை வாசித்தார்: எல்லைப்புறம்தான் அமெரிக்கனை உருவாக்கியது என்பது அதன் சாரம். அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் அவருக்குக் கடக்க வேண்டிய தடை மட்டுமே. ஆனால் அதே கட்டுரையில் உப்பைப் பற்றி ஓரிடம் வருகிறது. மலைக்கு அப்பால் குடியேறியவர்களுக்கு இறைச்சியைப் பாடம்பண்ண உப்பு வேண்டும். அதற்காக வருஷந்தோறும் கடற்கரைக்கு நடந்தாக வேண்டும். கனாவா, கெண்டக்கிப் பக்கங்களில் உப்பு ஊற்றுகள் கிடைத்த பிறகே மேற்கு, கிழக்கின் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியது என்கிறார். உப்பு அங்கே விடுதலை. சலூனுக்குள் அதே உப்பு என்ன வேலை செய்தது என்பதை டர்னர் கேட்கவில்லை.

சலூனின் 'இலவச மதிய உணவு' நியூ ஆர்லியன்ஸ் பக்கம் தொடங்கி, 1849 தங்க வேட்டைக்குப் பிறகு மேற்கில் பெருகியது என்று சொல்வார்கள். ஒரு குவளை வாங்கினால் போதும், மேசையில் இருப்பதை எடுத்துத் தின்னலாம். பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, கம்பு வகை ரொட்டி, மத்திமீன், ஊறுகாய், அவித்த முட்டை. பட்டியலை நாக்கால் படித்தால் விஷயம் விளங்கிவிடும்: பெரும்பாலானதில் உப்பு தூக்கல். தின்றவனுக்குத் தாகம் எடுக்கும், அடுத்த குவளைக்குக் கை நீளும். வாங்காமல் தின்கிறவனைக் கவனித்து வெளியே தள்ளவும் ஆள் உண்டு. 1889இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்திறங்கிய கிப்ளிங் இதைப் பார்த்து அசந்துபோய், ஒரு நாள் சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்று ரூபாயில் கணக்குப் போட்டு அலகாபாத் பத்திரிகைக்கு எழுதினார். ஏகாதிபத்தியத்தின் கவிஞர் கஞ்சப் பிரயாணியாகவும் இருந்திருக்கிறார்.

மேசைக்குப் பின்னால் இருந்ததைக் கிப்ளிங் பார்க்கவில்லை. 1870களில் பீரைச் சூடுபடுத்திக் கெடாமல் வைக்கும் முறையும் பனிக்கட்டி ஏற்றிய ரயில் பெட்டிகளும் வந்தன. செயின்ட் லூயிசில் காய்ச்சியது பாலைவனச் சுரங்க ஊர் வரை போயிற்று. நூற்றாண்டின் கடைசியில் பெரிய பீர் ஆலைகள் சலூன்காரனுக்கு உரிமக் கட்டணம், மரச்சாமான், பின்சுவர்க் கண்ணாடி வரை கடனாகக் கொடுத்தன. கைமாறாக அவன் அவர்கள் பீரை மட்டும்தான் விற்கலாம். தனிமனிதச் சுதந்திரத்தின் கோயிலில் பூசாரியே கொத்தடிமை. 'ஓசி' என்கிற நம் சொல், கிழக்கிந்தியக் கம்பெனி கடிதங்கள் தபால் கூலியின்றிப் போனதிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஓசிக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருப்பது புதுசில்லை.

விஸ்கி சமாச்சாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெறும் எரிசாராயத்தில் கருக்கிய சர்க்கரையும் புகையிலைச் சாறும் கலந்த சரக்கு தாராளமாக ஓடியது. அரசு முத்திரையோடு அடைத்த புட்டிக்கான சட்டம் 1897இல்தான் வந்தது. அதற்குள் டர்னரின் எல்லைப்புறம் முடிந்துபோயிருந்தது.

இந்த உப்புச் சாப்பாட்டிலிருந்துதான் 'இலவசச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது' என்கிற வாக்கியம் பிறந்தது. 1975இல் மில்டன் ஃப்ரீட்மன் அதையே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பாக்கினார். ரேஷனைக் குறை, மானியத்தை வெட்டு என்று எழுதுகிற நம் ஆங்கிலத் தலையங்கங்களிலும் அது ஆப்தவாக்கியம்போல வந்து விழுகிறது. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சலூன் மேசை போட்டது அரசாங்கம் இல்லை, முதலாளி. ஏமாற்று, சந்தையின் ஏமாற்று. அதைக் கொண்டுபோய்ப் பசித்த குழந்தையின் தட்டுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது என்ன நியாயம்? இன்னொன்றும் உண்டு: 1893 பொருளாதார நெருக்கடியின்போது சிகாகோவில் வேலையிழந்தவர்களுக்குத் தர்ம ஸ்தாபனங்களைவிட அதிகம் சோறு போட்டவை சலூன்களே என்று வில்லியம் ஸ்டெட் எழுதினார். அவரோ பாவங்களைக் கண்டிக்கக் கிளம்பியவர். உப்புப் போட்டவன் போட்டான், தின்றவன் உயிர் பிழைத்தான். இரண்டையும் ஒன்றாகச் சொல்லாவிட்டால் வரலாறு ஒழுக்கப் பாடமாகிவிடும்.

சரி, யாரெல்லாம் உள்ளே போகலாம்? செவ்விந்தியர் என்று நாம் இன்னமும் தப்பாகச் சொல்லிவருகிற பூர்வகுடிகளுக்கு மது விற்பதை மத்தியச் சட்டம் 1953 வரை தடுத்தது. அவர்கள் நிலத்துக்குச் சாராயப் பீப்பாயைக் கொண்டுபோனவர்கள் யார் என்பது வேறு. சீனர்களுக்குப் பெரும்பாலான சலூன்களில் இடமில்லை. கறுப்பர்கள் நிலை ஊருக்கு ஊர் மாறியது.

நெவாடாவில் வெர்ஜினியா சிட்டி என்று ஒரு ஊர். 1859இல் வெள்ளி கிடைத்ததும் மளமளவென்று முளைத்தது. மாசச்சூசெட்ஸிலிருந்து வந்து தெருவில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த வில்லியம் பிரவுன் என்ற கறுப்பர் 1864இல் அங்கே பாஸ்டன் சலூனைத் திறந்தார். 1875 வரை நடத்தினார். அந்த வருஷம் பெருந்தீ ஊரைத் தின்றது. திரைப்படம் இதை மறந்தது என்று சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

2000இல் கெல்லி டிக்சன் என்ற தொல்லியலாளர் குழுவோடு அந்த இடத்தைத் தோண்டினார். மேலே இன்னொரு சலூனின் வண்டி நிறுத்துமிடம். பெயர் 'ரத்த வாளி', சுற்றுலாப் பயணிகளுக்கு அதுதானே வேண்டும். கீழே கிடைத்தவை எலும்பும் கண்ணாடியும். ஊரில் தோண்டிப் பார்த்த மற்ற சலூன்களின் எலும்புகளோடு ஒப்பிட்டபோது, விலை உயர்ந்த கறித்துண்டுகள் கறுப்பர் சலூனில்தான் கூடுதலாக இருந்தன. ஆட்டுக்குட்டிக் கறி தின்றிருக்கிறார்கள். நேர்த்தியான கண்ணாடிக் கோப்பைகளில் குடித்திருக்கிறார்கள். துண்டு துண்டாகக் கிடைத்த ஒரு புட்டியை ஒட்டிச் சேர்த்தால் டபாஸ்கோ மிளகாய்ச் சாறு. லூசியானாவில் அது விற்பனைக்கு வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அத்தனை மைல் தாண்டி அந்தக் காரம் பாலைவனத்து மேசைக்கு வந்திருக்கிறது. கூடவே ஒரு களிமண் சுங்கானின் காம்பு. அதில் ஒட்டியிருந்த எச்சிலின் மரபணுவைச் சோதித்தார்கள். புகைத்தது ஒரு பெண்.