நாளும் மசோதாவும்: அமெரிக்கக் கடன் உச்சவரம்பு மோதல்களில் அரசியல் உத்தி (1953–2023)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஒன்றிய அரசு பெறக்கூடிய மொத்தக் கடனுக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பை விதிக்கிறது. அதனை உயர்த்துவதற்கான ஒப்புதலைப் பிற கோரிக்கைகளுக்கான பேரப்பொருளாக ஆக்குவது அந்நாட்டு அரசியலில் நிலைபெற்ற ஓர் உத்தியாகும். அதன் வெற்றியும் தோல்வியும் குடியரசுத் தலைவரின் மனவுறுதியைப் பொறுத்தவை என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். 1953, 1995–96, 2011, 2013, 2023 ஆகிய ஆண்டுகளின் மோதல்களை ஒப்பிடும் இக்கட்டுரை அவ்விளக்கம் போதாது எனக் காட்டுகிறது. கருவூலத்தால் மேலும் தள்ளிப்போட முடியாத ஒரு நாள், மிரட்டும் தரப்பு தன் அவையில் நிறைவேற்றிய ஒரு மசோதா ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தபோதே அவ்வுத்தி பலன் தந்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கடன் உச்சவரம்பு, அமெரிக்கக் காங்கிரஸ், கருவூலம், பேர உத்தி, பிரதிநிதிகள் அவை, அரசு நிதி.

முன்னுரை

நாடாளுமன்ற முறை ஆட்சியில் அமைச்சரவை கீழவையின் பெரும்பான்மையைச் சார்ந்தே நிற்கிறது. வரவு செலவுத் திட்டம் தோற்றால் அரசும் வீழும். ஆகவே செலவுக்கு ஒப்புதல் அளித்த அவையே அச்செலவுக்கான கடனை மறுக்கும் நிலை அங்கு எளிதில் எழுவதில்லை. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரும் காங்கிரசின் இரு அவைகளும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். செலவுகளையும் வரிகளையும் ஒரு சட்டம் வகுக்க, அவற்றின் இடைவெளியை நிரப்பும் கடனுக்கு வேறொரு சட்டம் வரம்பிடுகிறது. இவ்விரு சட்டங்களும் முரண்படும்போது மோதல் பிறக்கிறது.

உச்சவரம்பை உயர்த்துவது புதிய செலவுக்கு வழங்கும் அனுமதியன்று. முன்னரே சட்டமாகிய செலவுகளுக்குப் பணம் செலுத்த வழிவிடுவதேயாகும். அது மறுக்கப்பட்டால் கடன் பத்திரங்களின் வட்டி, முதியோர் ஓய்வூதியம், படைவீரர் ஊதியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உரிய நாளில் கிடைக்காமற் போகும். இரு தரப்பும் அஞ்சும் இவ்விளைவை ஒரு தரப்பு மட்டும் எவ்வாறு தன் பேரவலிமையாக மாற்றிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

வரம்பின் தோற்றம்

உச்சவரம்பின் வேர் 1917ஆம் ஆண்டின் இரண்டாம் விடுதலைப் பத்திரச் சட்டத்தில் உள்ளது. முதல் உலகப் போருக்கு முன்னர்ப் பெரும்பாலும் ஒவ்வொரு கடன் வெளியீட்டிற்கும் காங்கிரஸ் தனித்தனியே ஒப்புதல் அளித்துவந்தது. போர்க்காலத்தில் அம்முறை இயலாததாகவே, குறிப்பிட்ட தொகைக்குள் கருவூலம் தானே பத்திரங்களை வெளியிடலாம் என அதிகாரம் வழங்கப்பட்டது. 1939இல் பத்திர வகைகளுக்கிருந்த தனித்தனி வரம்புகள் நீக்கப்பட்டு, ஏறத்தாழ மொத்தக் கடனுக்கும் 4,500 கோடி டாலர் என்னும் ஒரே வரம்பு வந்தது. அதுவும் கருவூலத்தின் வசதிக்காகச் செய்யப்பட்டதே. நிருவாகத்தின் கையை நெகிழ்த்த உருவான ஏற்பாடு பிற்காலத்தில் அதன் கையைக் கட்டும் கயிறாயிற்று. இம்மாற்றம் சட்டத்தின் சொற்களால் நேர்ந்ததன்று. அதனைப் பயன்படுத்தியோரின் உத்தியால் நேர்ந்தது.

1953: வரம்பை மறுத்த குழு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 30,000 கோடி டாலராக உயர்ந்த வரம்பு 1946இல் 27,500 கோடியாகக் குறைக்கப்பட்டது. 1953 சூலை இறுதியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதனை 29,000 கோடியாக உயர்த்தக் கோரினார். பிரதிநிதிகள் அவை உடனே இசைந்தது. செனட்டின் நிதிக் குழுவோ, செலவுக் கட்டுப்பாட்டில் கண்டிப்பு மிக்கவரான ஆரி பேர்டு போன்றோரின் எதிர்ப்பால் அதனைக் கிடப்பில் போட்டது. ஐசனோவரின் கட்சியே அப்போது செனட்டில் பெரும்பான்மை பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மறுப்பால் அரசு நின்றுவிடவில்லை. செலவுகள் இறுக்கப்பட்டன. கருவூலம் தன்னிடமிருந்த தங்கத்தில் ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்பிலானதைப் பயன்படுத்தி, மத்திய வங்கியிடமிருந்த கடன் பத்திரங்களின் ஒரு பகுதியைத் தீர்த்து, வரம்பிற்குக் கீழே இடம் உண்டாக்கிக்கொண்டது. 1954இல் வரம்பு தற்காலிகமாக 28,100 கோடியாக உயர்ந்தது. வரம்பு நெருங்கினாலும் பணம் தீரும் நாளைத் தள்ளிவைக்கும் வழிகள் கருவூலத்திடம் உள்ளன என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

1995–96: நாள் கரைந்த மோதல்

1994 தேர்தலில் காங்கிரசின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் வசமாயின. அவைத்தலைவர் நியூட் கிங்ரிச், ஏழாண்டுகளில் வரவு செலவைச் சமன்செய்யும் திட்டத்தைக் கிளின்டன் ஏற்கும்வரை உச்சவரம்பு உயராது என்னும் நிலையை மேற்கொண்டார். நிபந்தனைகளுடன் கூடிய கடன் வரம்பு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. கிளின்டன் 1995 நவம்பர் 13 அன்று அதனைத் தடுப்பதிகாரத்தால் மறுத்தார். மறுநாள் அரசு அலுவலகங்களின் ஒரு பகுதி மூடப்பட்டது.

மிரட்டும் தரப்பிடம் இம்முறை ஒற்றுமையும் இருந்தது, மசோதாவும் இருந்தது. ஆயினும் கருவூலச் செயலர் இராபர்ட் ரூபின், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் இருந்த பத்திரங்களைத் தற்காலிகமாக விலக்கி, அந்த அளவிற்குச் சந்தையில் புதிய கடன் பெற்றார். இவ்வழியைக் காங்கிரஸ் முன்னரே அறிந்திருந்தது. கிளின்டன் மறுத்த அம்மசோதாவிலேயே ஓய்வூதிய நிதிகளைக் கருவூலம் இவ்வாறு கையாள்வதைத் தடுக்கும் விதிகள் சேர்க்கப்பட்டிருந்தன. மிரட்டலின் வலிமை நாளில்தான் உள்ளது என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தமைக்கு இதுவே சான்று. மசோதா வீழ்ந்ததும் நாளும் கரைந்தது. 1996 சனவரியில் மூடிஸ் நிறுவனம் தரக்குறைப்பு எச்சரிக்கை விடுத்தது. மார்ச்சில் வரம்பு 5.5 லட்சம் கோடி டாலராக உயர்த்தப்பட்டது. கிங்ரிச் கோரிய பெருந்திட்டம் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.

2011: இரண்டும் அமைந்த மோதல்

2010 தேர்தலில் குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்றுப் பிரதிநிதிகள் அவையைக் கைப்பற்றியது. 14.294 லட்சம் கோடி டாலர் வரம்பு 2011 மே 16 அன்று எட்டப்பட்டது. ஓய்வூதிய நிதிகளைக் கையாளும் வழிகள் ஆகஸ்ட் 2 வரை மட்டுமே தாங்கும் எனக் கருவூலச் செயலர் திமோத்தி கைட்னர் அறிவித்தார். பற்றாக்குறை பெருகியிருந்த அக்காலத்தில் 1995இன் உபாயங்கள் மாதக்கணக்கில் பயன்படவில்லை. நாள் உறுதியாயிற்று.

சூலை 19 அன்று செலவுக் குறைப்பையும் சமநிலை வரவு செலவுக்கான அரசமைப்புத் திருத்தத்தையும் கோரும் மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 234–190 என நிறைவேற்றியது. செனட் அதனை ஒதுக்கியது. ஒபாமாவுக்கும் அவைத்தலைவர் சான் பேனருக்கும் இடையே நடந்த பேரொப்பந்தப் பேச்சு சூலை 22 அன்று முறிந்தது. பேனரின் அடுத்த மசோதா, சொந்தக் கட்சியினர் 22 பேரின் எதிர்ப்பையும் மீறி, சூலை 29 அன்று 218–210 எனத் தப்பிப் பிழைத்தது. இவை சட்டமாகவில்லை. எனினும் ஒருவகை உயர்வுக்கு அவ்வவை இசையும் என்பதையும், அதற்கு அது கேட்கும் விலை எது என்பதையும் இவை வெளிப்படுத்தின. ஒபாமாவிடம் மாற்று வழி ஏதுமில்லை. அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தைக் கொண்டு வரம்பைப் புறக்கணிக்கலாம் என்னும் யோசனையைத் தம் சட்ட அறிஞர்கள் ஏற்கவில்லை எனக் கூறி அவர் கைவிட்டார்.

ஆகஸ்ட் 2 அன்று வரவு செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தாயிற்று. பத்தாண்டுகளில் 91,700 கோடி டாலர் குறைப்பும், கூட்டுக்குழு உடன்பாடு எட்டாவிடில் 1.2 லட்சம் கோடி டாலர் தானியங்கிக் குறைப்பும் அதில் அடங்கின. வரம்பைக் குடியரசுத் தலைவர் படிப்படியாக உயர்த்த, காங்கிரஸ் மறுப்புத் தீர்மானம் மட்டும் கொண்டுவரும் மிட்ச் மெக்கானலின் ஏற்பாடும் இடம்பெற்றது. கடன் உயர்வின் பழி வெள்ளை மாளிகையைச் சேர, அரசு தவணை தவறாமலும் காக்கும் உத்தி அது. ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் அமெரிக்கக் கடனின் தரத்தை ஒரு படி குறைத்தது. இழுபறியால் அந்நிதியாண்டில் கருவூலத்தின் கடன் செலவு ஏறத்தாழ 130 கோடி டாலர் கூடியது என அரசுக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது.

2013: மசோதா இல்லாத மிரட்டல்

இரண்டே ஆண்டுகளில் ஒபாமா நிலையை மாற்றினார். வரம்பு உயர்வுக்காக எதையும் பேரம் பேசுவதில்லை என அறிவித்தார். பணம் தீரும் நாள் அக்டோபர் 17 எனக் கருவூலச் செயலர் சேக்கப் லூ தெரிவித்தார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திற்கு நிதி மறுக்க வேண்டும் என்னும் கோரிக்கையால் அக்டோபர் 1 முதல் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன.

நாள் இருந்தது, மசோதா இல்லை. அக்டோபர் 15 அன்று பேனர் முன்வைத்த திட்டத்திற்குத் தம் கட்சியினரிடமே போதிய வாக்குகள் கிட்டாமல், அது வாக்கெடுப்பிற்கு முன்னரே கைவிடப்பட்டது. எந்த விலைக்கு இசைவர் என்பதைச் சொல்ல இயலாதோருடன் பேசாதிருப்பது ஒபாமாவுக்கு எளிதாயிற்று. மறுநாள் செனட் 81–18 எனவும் பிரதிநிதிகள் அவை 285–144 எனவும் வரம்பை 2014 பிப்ரவரி 7 வரை இடைநிறுத்தின. பெரும்பான்மைக் கட்சியினருள் 87 பேரே ஆதரித்தனர். 144 பேர் எதிர்த்தனர்.

2023: உறுதி தளர்ந்த காரணம்

மனவுறுதியே வெற்றிக்கு வழி எனும் விளக்கம் 2013இலிருந்து வலுப்பெற்றது. 2023 அதனைச் சோதித்தது. பைடனும் நிபந்தனையற்ற உயர்வையே கோரினார். குடியரசுக் கட்சிக்கு 222 இடங்களே இருந்தன. கெவின் மெக்கார்த்தி 15ஆம் வாக்கெடுப்பில்தான் அவைத்தலைவரானார். இத்தகைய அவை தனக்கென ஒரு மசோதாவை நிறைவேற்றாது என்னும் எதிர்பார்ப்பு இயல்பானதே.

ஏப்ரல் 26 அன்று அவ்வெதிர்பார்ப்பு பொய்த்தது. வரம்பு உயர்வையும் செலவுக் குறைப்பையும் இணைத்த மசோதா 217–215 என நிறைவேறியது. மே 1 அன்று, சூன் 1க்குள்ளேயே பணம் தீரக்கூடும் எனக் கருவூலச் செயலர் சேனட் எலன் எழுதினார். அதே நாளில் பைடன் காங்கிரஸ் தலைவர்களை மே 9 சந்திப்பிற்கு அழைத்தார். மசோதாவும் நாளும் ஒரே வாரத்தில் கைகூடியதும் பேசாமை நிலை முடிவுக்கு வந்தது. உடன்பாடு மே 31 அன்று பிரதிநிதிகள் அவையில் 314–117 என நிறைவேறிச் சூன் 3 அன்று சட்டமாயிற்று. வரம்பு 2025 சனவரி 1 வரை இடைநிறுத்தப்பட்டது. ஈராண்டுச் செலவு வரம்புகளும், உணவு உதவி பெறுவோருக்கான வேலை நிபந்தனையை 54 வயது வரை நீட்டித்தலும் அதற்குரிய விலையாயின.

ஒப்பீடு

ஐந்து நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. 1953இல் மறுப்பு மட்டுமே இருந்தது. நாளைக் கருவூலம் தள்ளிவைத்தது. 1995இல் மசோதா இருந்தும் நாள் கரைந்தது. 2013இல் நாள் இருந்தும் மசோதா இல்லை. 2011இலும் 2023இலும் இரண்டும் இருந்தன. அவ்விரு முறையும் குடியரசுத் தலைவர் விலை கொடுத்தார். ஒபாமா என்னும் ஒரே தலைவர் ஒரே அவைத்தலைவரிடம் 2011இல் இணங்கியதும் 2013இல் இணங்காததும் ஆளின் இயல்பைக் காட்டிலும் சூழலின் அமைப்பே விளைவைத் தீர்மானித்தது என்பதற்குத் துணைச்சான்றாகும்.

தாமஸ் செல்லிங் 1960இல் வெளியான ‘மோதலின் உத்தி’ என்னும் நூலில், தன் கையைத் தானே கட்டிக்கொள்பவன் பேரத்தில் வலிமை பெறலாம் என வாதிட்டார். உச்சவரம்பு மோதல்கள் அக்கருத்திற்கு ஓர் எல்லையைச் சுட்டுகின்றன. பின்வாங்க முடியாமை மட்டும் போதாது. கேட்டது கிடைத்தால் மிரட்டலைக் கைவிடும் திறனும் எதிர்த்தரப்பிற்குத் தெரிய வேண்டும். அவை நிறைவேற்றிய மசோதா அத்திறனின் சான்று. 2013இல் இல்லாதிருந்தது அச்சான்றே.

இவ்விளக்கத்திற்கு ஒரு மறுப்பு உண்டு. 2013இன் கோரிக்கை குடியரசுத் தலைவரின் தலையாய சட்டத்தையே தாக்கியது. மற்ற இரண்டும் செலவின் அளவைப் பற்றியவை. எனவே வேறுபாடு கோரிக்கையின் தன்மையில் உள்ளது எனலாம். இது ஓரளவு உண்மையே. ஆயினும் காப்பீட்டுச் சட்டத்தின் மீதான கோரிக்கை சுருங்கிச் சுருங்கி, அக்டோபர் 15இல் சிறு மாற்றங்களாகக் குறைந்தபோதும் வாக்குகள் சேரவில்லை. கோரிக்கை சிறுத்தும் ஒற்றுமை கூடாமையால், கோரிக்கையின் தன்மை மட்டுமே முழுக் காரணமாக இயலாது.

முடிவுரை

இவ்வுத்தி வென்றபோதும் அதன் செலவு வென்றவரையும் விடவில்லை. 2011, 2023 சட்டங்கள் இரண்டும் எதிர்க்கட்சியின் பெருந்திரளான வாக்குகளாலேயே நிறைவேறின. 2011இல் ஜனநாயகக் கட்சியினர் 95 பேரும் 2023இல் 165 பேரும் ஆதரித்தனர். மிரட்டலுக்கு வலிமை தந்த மசோதா கட்சியை இணைத்தது. மிரட்டலை முடித்த சட்டம் அதனைப் பிளந்தது. 2023 அக்டோபர் 3 அன்று மெக்கார்த்தி 216–210 எனப் பதவியிழந்ததற்கு உடனடிக் காரணம் இடைக்கால நிதி மசோதாவே எனினும், மே மாத உடன்பாட்டின் மீதான கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிட்ச் நிறுவனமும் அமெரிக்கக் கடனின் தரத்தைக் குறைத்தபோது, மீண்டும் மீண்டும் நிகழும் வரம்பு மோதல்களைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

ஆகவே உச்சவரம்பு தன்னளவில் ஆயுதமன்று. கருவூலத்தின் உபாயங்கள் தீரும் நாளும், அவையின் ஒற்றுமையைக் காட்டும் மசோதாவும் சேர்ந்தே அதனை ஆயுதமாக்குகின்றன. வரம்பு நெருங்கும்போது குடியரசுத் தலைவரின் அறிவிப்புகளை மட்டும் நோக்குவோர் விளைவைத் தவறாகக் கணிக்க நேரும். பிரதிநிதிகள் அவையின் வாக்கு எண்ணிக்கையும் கருவூலச் செயலரின் கடிதங்களும் அவற்றினும் தெளிவான தடயங்களைத் தருகின்றன.