பணியிடப் பின்னணி இசை

பணியிடப் பின்னணி இசை என்பது வேலை செய்வோரின் சலிப்பைக் குறைக்கவும் கவனத்தைத் தக்கவைக்கவும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒலிக்கவிடப்படும் இசையாகும். பெரும்பாலும் இது பாடல் வரிகள் இல்லாத கருவியிசை. இன்று படிக்கும் மாணவர் தாமே தேர்ந்தெடுத்துக் கேட்கும் இவ்விசை, தொடக்கத்தில் கேட்பவரின் விருப்பத்தால் ஒலித்ததன்று. உற்பத்தியைப் பெருக்க விரும்பியவர்களே அதை ஒலிக்கச் செய்தனர்.

கவனிக்கப்படாமல் ஒலிக்கும் இசை என்ற எண்ணம் கலைஞர் ஒருவரிடம் முன்பே இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி, 'அறைகலன் இசை' என்ற பெயரில் 1917-இல் அதை முன்வைத்தார். 1920-இல் பாரிசில் நாடக இடைவேளையில் அது வாசிக்கப்பட்டபோது மக்கள் பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிட்டனர். பேசுங்கள், நடமாடுங்கள் என்று சாட்டி அவர்களை வேண்ட நேர்ந்தது.

இதை வணிகமாக்கியது மியூசாக் நிறுவனம். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் தகவல்தொடர்புப் பிரிவுத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர், ஒரே கம்பியில் பல தொலைபேசி உரையாடல்களை அனுப்பும் முறையை 1910-இல் கண்டறிந்திருந்தார். அம்முறையால் கம்பிவழி இசையும் அனுப்ப முடிந்தது. 'மியூசிக்', 'கோடாக்' என்னும் சொற்களை இணைத்து 1934-இல் நிறுவனத்திற்குப் பெயரிடப்பட்டது. அதே ஆண்டில் ஸ்குவையர் காலமானார்.

பிரித்தானியாவில் போர் இதற்கு வழிவகுத்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வோரின் சலிப்பைப் பற்றிய வயட், லாங்டன் ஆகியோரின் ஆய்வு, இசை ஒலித்தபோது உற்பத்தி கூடியதாக 1937-இல் தெரிவித்திருந்தது. போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் நீண்ட நேர வேலை நடந்த 1940 ஜூன் 23 அன்று, பிபிசி 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற அரைமணி நேர ஒலிபரப்பைத் தொடங்கியது. இதற்கு வகுக்கப்பட்ட விதிகள் சுவையானவை. தூக்கம் வரவழைக்கும் மெதுவான இசை கூடாது. இயந்திர இரைச்சலில் மூழ்கிவிடாதபடி ஒலி அளவு சீராக இருக்க வேண்டும். கைதட்டலுக்கு இடமுள்ள ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாடல் விலக்கப்பட்டது. தொழிலாளர்கள் கைக்கருவிகளால் இயந்திரங்களின்மேல் தாளம் போடுவார்களே என்ற அச்சந்தான் காரணம்! இந்நிகழ்ச்சி 1967 வரை நீடித்தது.

மியூசாக் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பதினைந்து நிமிட இசைத்தொகுப்பில் மெல்ல மெல்ல வேகமும் கருவிகளின் செறிவும் கூட்டப்பட்டன. பின்னர்ப் பதினைந்து நிமிடம் அமைதி. முற்பகலிலும் பிற்பகலிலும் ஊக்கம் குன்றும் வேளையில் விறுவிறுப்பான தொகுப்புகள் வந்தன. கேட்பவர் அறியாமலே அவரை வேகப்படுத்தும் ஏற்பாடு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

வேண்டாதவர் என்ன செய்வது? வாஷிங்டன் பேருந்துகளிலும் டிராம்களிலும் வானொலி ஒலிப்பதை எதிர்த்த வழக்கில், அது அரசமைப்புக்கு முரணன்று என 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மாறுபட்டார். நீதிபதி பிராங்பர்ட்டரோ, அந்த ஒலியால் தாமும் பாதிக்கப்பட்டவர் என்பதால் வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார்.

மியூசாக் என்ற வணிகப்பெயர் 2013-இல் கைவிடப்பட்டது.

மோட்சார்ட் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்ற நம்பிக்கை 1993-இல் வெளியான ஆய்வொன்றிலிருந்து பரவியது. உண்மையில் அதில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்களே; இடஞ்சார் சிந்தனைத் தேர்வில் தெரிந்த முன்னேற்றமும் சில நிமிடங்களே நீடித்தது. படிப்பவர்களுக்குப் பயன்படுவது சலாமே, பேட்லி ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது எண்களை வரிசையாக நினைவில் வைக்கும் சோதனையில், பாடலுடன் கூடிய இசை கருவியிசையைவிட மிகுதியாகக் குறுக்கிட்டது. முதற் சோதனையில் கருவியிசையும் நினைவைக் குறைத்தது. கூடுதல் பயிற்சி பெற்றவர்களிடம் நடத்திய இரண்டாவது சோதனையில் கருவியிசைக்கும் அமைதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.