எஸ்பிரஸோ இயந்திரமும் குழாய்நீரும்: சேத்தியாத்தோப்பு வழியே ஒரு வரலாறு

நன்றாக அரைத்த காபித்தூளின் வழியே வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்திற்குள் காபி இறக்கித் தரும் கருவி எஸ்பிரஸோ இயந்திரம் ஆகும். வீடுகளில் பயன்படும் இத்தகைய கருவிகளுள் பெரும்பாலானவற்றில் பின்புறம் ஒரு சிறு தொட்டி இருக்கும். அதில் கையால் நீர் ஊற்ற வேண்டும். சில வகைகளை மட்டும் வீட்டின் குடிநீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கலாம்.

பார்வைக்கு இது அரை மீட்டர் குழாய் வேலைதான். ஆனால் இந்த ஏற்பாடு, இரவும் பகலும் அழுத்தத்தோடு குழாயில் நீர் வரும் நகரங்களில் உருவானது. தமிழக நகரங்களில் நிலைமை வேறு. சென்னையின் ஒரு பகுதிக்கு வரும் குடிநீரோ, 200 கிலோமீட்டருக்கு அப்பால் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பிலிருந்து புறப்படுகிறது. எனவே இந்த இணைப்பின் வரலாறு இயந்திரத்தின் வரலாறாகவும் குழாயின் வரலாறாகவும் அமைகிறது.

நீராவிக் காலம்

இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்சலோ மொரியோண்டோ 1884ஆம் ஆண்டு நீராவி அழுத்தத்தால் காபி தயாரிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒரே நேரத்தில் பலருக்கான காபியைத் தயாரிக்கும் பெரிய கருவி. மிலான் நகரின் லூயிஜி பெசேரா 1901இல் காப்புரிமை பெற்ற கருவியோ ஒவ்வொரு கோப்பையாகக் காபி இறக்கியது. அந்த உரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனி அதைத் தொழில்முறையில் உற்பத்தி செய்து பரப்பினார்.

இக்கருவிகளில் கொதிகலனின் நீராவியே வெந்நீரைத் தள்ளியது. கிடைத்த அழுத்தம் சுமார் 2 பார் அளவே. (1 பார் என்பது ஏறத்தாழக் காற்றுமண்டலத்தின் அழுத்தம்.) அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் நீரை மேலும் சூடாக்க வேண்டும், நீர் மிகச் சூடானால் காபி கருகிக் கசக்கும். இந்தச் சிக்கலுக்கு அகில்லே காஜியா வழி கண்டார். அவர் 1938இல் ஒரு காப்புரிமை பெற்றார். போருக்குப் பின், 1948 அளவில், சுருள்வில்லும் கைப்பிடியும் கொண்ட உந்துதண்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியை இழுத்துவிட்டால் வில்லின் விசை 8 முதல் 10 பார் அழுத்தம் தரும். காபியின் மேல் பொன்னிற நுரை படியத் தொடங்கியது அப்போதுதான்.

1961: குழாயோடு சேர்ந்த இயந்திரம்

மிலான் நகரின் பேமா நிறுவனம் 1961இல் ‘இ-61’ என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்தும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் சேர்ந்ததே இப்பெயர்.

முந்தைய இயந்திரங்களிலும் கொதிகலனைக் குழாய்நீரால் நிரப்ப வழி இருந்தது. ஆயினும் காபிக்குச் சென்றது கொதிகலனில் தங்கிக் கிடந்த நீரே. இ-61இல் மின்பம்பு ஒன்று குழாய்நீரை நேராக வாங்கி, சுமார் 9 பார் அழுத்தத்திற்கு உயர்த்தியது. அந்த நீர் கொதிகலனுக்குள் செல்லும் ஒரு தனிக்குழாய் வழியே ஓடும்போதே சூடேறி, காபித்தூளை அடைந்தது. கையின் விசையும் வில்லும் தேவையற்றுப் போயின. காபிக்குத் தேவையான நீர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குழாயிலிருந்து வந்தது. இன்று குழாயோடு இணைக்கத்தக்க வீட்டு இயந்திரங்கள் பலவும் இந்த அமைப்பின் வழிவந்தவையே.

அதே 1961இல் லா பவோனி நிறுவனம் ‘யூரோபிக்கோலா’ என்னும் வீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. அது கைப்பிடி வகை. நீரைக் கையால் ஊற்ற வேண்டும். கடைக்குக் குழாய், வீட்டுக்குத் தொட்டி என்ற பிரிவு அப்போதே தோன்றிவிட்டது.

தமிழகத்தில் ‘எஸ்பிரஸோ’

தமிழர் வீடுகளில் வேரூன்றிய பில்டர் காபிக்கு அழுத்தமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரின் மேல்தட்டில் தூளிட்டு வெந்நீர் ஊற்றினால், புவியீர்ப்பு விசையே டிகாக்‌ஷனைச் சொட்டுச் சொட்டாக இறக்கிவிடும். குடத்தில் நீர் இருந்தால் போதும்.

‘எஸ்பிரஸோ’ என்ற சொல் தமிழகத்தில் பரவியது வேறு பொருளில். திருமண மண்டபங்களிலும் கடைகளிலும் நீராவிக் குழல் கொண்ட எவர்சில்வர் இயந்திரத்தில், பாலும் உடனடிக் காபித்தூளும் கலந்த கலவையை நுரைக்கச் செய்து கொடுப்பதையே மக்கள் எஸ்பிரஸோ என்றனர். இத்தாலிய முறையிலான காபி, 1996இல் பெங்களூரில் தொடங்கிய கஃபே காபி டே போன்ற கடைகளின் வழியாகவே பரவலாக அறிமுகமானது. அதன் பின்னரே வீட்டில் இயந்திரம் வைப்போரும், அதைக் குழாயோடு இணைக்க விரும்புவோரும் பெருகினர்.

சென்னையின் குழாய்

சென்னையின் முறையான குடிநீர் வழங்கல் 1872இல் தொடங்கியது. கொசஸ்தலையாற்றின் நீர் திருப்பப்பட்டுச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கப்பட்டது. செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் 1996இல் முதன்முதலாக வந்தது.

இத்தனைக்குப் பிறகும் நகரின் பெரும்பகுதியில் நாள் முழுவதும் நீர் வரவில்லை. குறிப்பிட்ட நேரத்தில் வரும் நீரைப் பிடித்துவைக்க ஒவ்வொரு வீடும் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. தெருக்குழாயில் வருவதை அடிபம்பால் இறைத்தனர். தரைக்கடியில் சம்ப் கட்டினர். அதிலிருந்து மோட்டார் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினர்.

சேத்தியாத்தோப்பு

விருத்தாசலம் பகுதி பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதற்குத் தென்கிழக்கே, வெள்ளாற்றங்கரையில் அமைந்த பேரூர் சேத்தியாத்தோப்பு. இதற்குத் தெற்கே வீராணம் ஏரி நீண்டு கிடக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், அவனது வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் வெட்டப்பட்டது இவ்வேரி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இதன் கரையில்தான்.

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நிலம் இதன் பாசனத்தை நம்பியுள்ளது.

வீராணம் நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 1960களின் இறுதியில் உருவானது. 1970களில் அது பாதியில் நின்றது. அதற்காக வார்க்கப்பட்ட பெரிய கான்கிரீட் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரங்களில் கிடந்தன. கடும் வறட்சிக்குப் பின், 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது.

இத்திட்டத்தின்படி நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீர் எடுக்கலாம். ஏரிநீர் சேத்தியாத்தோப்பிலிருந்து 1,775 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாயில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏற்றப்படுகிறது. சுத்திகரித்த நீர் அங்கிருந்து 8 கிலோமீட்டர் தள்ளியுள்ள காடாம்புலியூர்த் தொட்டிக்கு மீண்டும் ஏற்றப்படுகிறது. அதன்பின் மோட்டார் இல்லை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் சரிவின் விசையாலேயே ஓடிப் போரூர் நீர்வழங்கு நிலையத்தை அடைகிறது. பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதும் இந்த நீர் சென்னைக்கு இறங்குவதும் ஒரே விதியால்தான்.

2019இல் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் வறண்டபோது, கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுடன் வீராணம் நீரும் நகரைத் தாங்கியது.

வீட்டு இணைப்பின் அமைப்பு

குழாயோடு இணைக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் சுழல் பம்பு இருக்கும். தொட்டி வகைகளில் பெரும்பாலும் சிறிய அதிர்வு பம்பு இருக்கும். சுழல் பம்பு நீரின்றி ஓடினால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே அதற்குத் தடையற்ற நீர் தேவை. மேலைநாட்டு வீடுகளில் குழாய் அழுத்தம் அதிகமாக இருப்பதே சிக்கல். அதனால் அங்கு அழுத்தக் குறைப்பான் பொருத்துவர். தமிழக வீடுகளில் சிக்கல் தலைகீழானது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். எனவே சமையலறைக் குழாய்க்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே.

இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, மாடித்தொட்டிக்குப் பின் சிறிய அழுத்த பம்பு வைப்பது. இரண்டாவது, ஆர்.ஓ. கருவியோடு காற்றழுத்தத் தொட்டி ஒன்றை இணைப்பது. மூன்றாவது, 20 லிட்டர் குடிநீர்க் கேனிலிருந்து சிறு பம்பு மூலம் நீர் எடுப்பது. மூன்றாம் வழியில் குழாய் இணைப்பு பெயரளவில்தான் உண்டு. கேனைத் தூக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

எந்த வழியாயினும் இணைப்பில் சில உறுப்புகள் இன்றியமையாதவை: நீரை நிறுத்தும் வால்வு, வடிகட்டி, இயந்திரத்து நீர் குடிநீருக்குத் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு, வழிந்த நீர் செல்லும் கழிவுக்குழாய். வீட்டைப் பூட்டி வெளியூர் செல்லும்போது வால்வை மூடுவது அவசியம். தொட்டி வகை கசிந்தால் வீணாவது ஓரிரு லிட்டர்; குழாய் வகை கசிந்தால் மாடித்தொட்டி முழுவதும் வடிந்துவிடும்.

தெருக்குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது அனுமதிக்கப்படாத செயல். ஒரு வீடு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் குழாய் காற்று வாங்கும். சேறும் சாக்கடையும் கசிந்து குழாய்க்குள் புகவும் வாய்ப்புண்டு. ஆகவே பம்புள்ள எந்தக் கருவியையும் வீட்டுத் தொட்டிக்குப் பின்னரே இணைக்க வேண்டும்.

நீரின் தன்மை

காபிக் கோப்பையில் மிகுதியாக இருப்பது நீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர் சூடாகும்போது, வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போன்ற வெள்ளைப் படிவு கொதிகலனிலும் நுண்குழாய்களிலும் ஏற்படும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த நீர் எல்லாம் இயந்திரத்திற்கு ஏற்ற நீர் ஆகாது.

உப்பே இல்லாத நீரும் பொருந்தாது. சில இயந்திரங்கள் கொதிகலனில் நீர் உள்ளதா என்பதை நீரின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு அறிகின்றன. உப்பு மிகக் குறைந்தால் நீர் இருந்தும் இல்லை என்றே காட்டும். உலோகப் பகுதிகள் அரிக்கவும் கூடும். காபியின் சுவையும் சப்பென்று இருக்கும். எனவே ஆர்.ஓ. நீரோடு சிறிது தாதுப்பு சேர்ப்பது வழக்கம். மேலும், பல வீட்டு ஆர்.ஓ. கருவிகள் ஒரு லிட்டர் நீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அந்நீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் சேமிப்பது சிறந்தது.

ஒரே மலையின் நீர்

இந்தியாவில் காபி மிகுதியாக விளையும் மாவட்டம் கர்நாடகத்தின் குடகு. காவிரி பிறக்கும் தலைக்காவேரியும் அங்கேதான் உள்ளது. அம்மலையின் காபிக்கொட்டை லாரியில் சென்னைக்கு வருகிறது. அம்மலையில் பிறந்த ஆறோ மேட்டூர், கொள்ளிடம், கீழணை, வடவாறு, வீராணம், சேத்தியாத்தோப்பு எனச் சுற்றி வந்து அதே நகரின் சமையலறையில் காபித்தூளைச் சந்திக்கிறது.

ஒரு வீட்டின் காபிக்கு நாளொன்றுக்கு வேண்டுவது சில லிட்டர் நீரே. அதனால் ஏரி வற்றிவிடாது. ஆயினும் தொட்டியில் கையால் நீர் ஊற்றுகிறவருக்கு நீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். குழாயோடு இணைத்தவருக்கு, மேட்டூரில் நீர் குறைந்தாலும் வீராணத்தில் வண்டல் படிந்தாலும் குழாய் நிற்கும் நாள்வரை தெரியாது. சேத்தியாத்தோப்பின் வயல்களில் நிற்கும் உழவருக்கோ அது முதல் நாளே தெரியும்.