எடைக்கு அப்பால்: ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறைகளை ஒப்பிடும் முறை குறித்து

ரைஃபிள் தோட்டாவில் குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், பித்தளை உறை என நான்கு பாகங்கள் உண்டு. சுட்டபின் முதல் மூன்றும் செலவாகிவிடும். உறை மட்டுமே சுட்டவர் கைக்குத் திரும்பி வரும். அமெரிக்காவிலும் வடக்கு ஐரோப்பாவிலும் இலக்குச் சுடும் போட்டியாளர்கள் அதைச் சீர்செய்து, மீண்டும் தாமே நிரப்பிப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். எந்த நிறுவனத்தின் உறை சிறந்தது என்ற விவாதம் அவர்களிடையே நெடுங்காலமாக நடக்கிறது. அதைத் தீர்க்கப் பெரும்பாலோர் நாடுவது தராசைத்தான். நூறு உறைகளை நிறுத்து, எடை வேறுபாடு குறைவாக இருந்தால் உறை நல்லது என்று முடிவு செய்கிறார்கள். கிடைக்கும் சான்றுகளில் மிகப் பலவீனமானது இந்த எடைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். உறையின் எடை துல்லியத்தைப் பாதிப்பதாகச் சொல்வதற்குக் காரணம் உள்கொள்ளளவு. உலோகம் கூடினால் உள்ளிடம் குறையும். அதே அளவு மருந்து கூடுதல் அழுத்தம் தரும். பித்தளையின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ எட்டரை மடங்கு. ஆகவே உறையில் ஒரு கிரெயின் (தோட்டாத் துறையில் வழங்கும் சிறு எடை அலகு) பித்தளை கூடினால் கொள்ளளவில் குறைவது 0.12 கிரெயின் நீர் அளவே. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் உறைக் கொள்ளளவு சுமார் 56 கிரெயின் நீர். ஒரே பெட்டியிலுள்ள இரு உறைகள் இரண்டு கிரெயின் வேறுபட்டாலும் கொள்ளளவு மாற்றம் சுமார் 0.4 சதவீதம்தான். அதுவும் அந்த உலோகம் முழுவதும் உட்சுவரில் இருந்தால்தான். விளிம்பிலோ, உறையை வெளியே இழுக்கும் கொக்கி பற்றும் பள்ளத்திலோ கடைசல் சற்று மாறியிருந்தால் எடை மாறும், கொள்ளளவு மாறாது.

எடை பயன்படும் இடம் வேறு. மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையின் 7.62 இராணுவ உறை, ஏறத்தாழ அதே வடிவமுள்ள .308க்கான வின்செஸ்டர் நிறுவனத்தின் வணிக உறையைவிட ஏறத்தாழ 20 கிரெயின் கனமானது. இந்த அளவு வேறுபாடு கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் ஆகிறது. அதனால்தான் வணிக உறைக்கு வகுத்த மருந்தளவை இராணுவ உறையில் அப்படியே இடக்கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. வகைக்கு வகை உள்ள வேறுபாட்டைத் தராசு காட்டும். ஒரே தொகுதிக்குள் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அறிய, சுட்ட உறையில் நீர் நிரப்பிக் கொள்ளளவையே அளப்பது நேர்வழி.

சீர்மையை அறிய முதலில் பார்க்க வேண்டியது கழுத்துச் சுவர். பித்தளை வட்டு கிண்ணமாக அழுத்தப்பட்டு, பல கட்டங்களில் நீட்டி இழுக்கப்பட்டு உறையாகிறது. அழுத்தும் தண்டு மையத்திலிருந்து சற்று விலகினாலும் சுவர் ஒருபக்கம் தடித்து, மறுபக்கம் மெலியும். கழுத்தில் சுமார் 0.38 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். போட்டியாளர்கள் அதில் 0.025 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வை விரும்புவதில்லை. கழுத்தைக் கடைந்து இதைச் சமன்செய்துவிடலாம் என்பார்கள். கழுத்து சமனாகும், ஆனால் அதே கோணல் உடற்சுவரிலும் கீழ்வரை இறங்கியிருக்கக்கூடும், அங்கே கடைசல் கருவி எட்டாது. அப்படிப்பட்ட உறை சுடும்போது ஒருபக்கம் அதிகமாக நீண்டு வளையும். ஆகவே கழுத்தை அளப்பது உடலையும் மறைமுகமாகச் சோதிப்பதாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதும், வீட்டு மேசையில் அளக்க முடியாததும் உலோகத்தின் பதம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை அடிபட அடிபட இறுகும். அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்க இறுக்கமாகவும், கழுத்து குண்டைச் சீராகப் பற்றி விட இளக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரே உறையில் இரு குணங்களையும் வைப்பதில்தான் ஆலையின் திறமை வெளிப்படுகிறது. கழுத்தைக் காய்ச்சி இளக்கும்போது சூடு அடிவரை பரவினால் உறையே பாழ்.

இந்த உண்மையின் ஒரு பகுதி இந்திய மண்ணில்தான் தெரியவந்தது. பிரிட்டிஷ் இராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களைச் சேமித்து வைத்தபோது, யாரும் தொடாமலேயே உறைகளின் கழுத்தில் வெடிப்பு விழுந்தது. பருவகாலத்தையொட்டி நிகழ்ந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1921இல் அதன் காரணத்தை விளக்கினர். குளிர்நிலையில் இழுக்கப்பட்ட பித்தளைக்குள் தேங்கிய இறுக்கம், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, காற்றின் ஈரம் ஆகியவை ஒன்றுகூடி உலோகத்தைப் பிளந்திருந்தன. மிதமான சூட்டில் உள்ளிறுக்கத்தை நீக்குவதே தீர்வாயிற்று. புத்தம்புதிய, அளவில் குறையற்ற, எடையில் ஒத்த உறைகளும் உள்ளே கேடு சுமந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அம்மோனியா கலந்த மெருகுப் பொருள்களால் உறையைத் துடைக்கக்கூடாது என்ற இன்றைய விதிக்கும் இதுவே அடிப்படை. 1923இல் தொடங்கிய ஃபின்லாந்தின் லாபுவா நிறுவனம், கழுத்தைக் காய்ச்சியதால் படியும் நீலப்பழுப்புக் கறையை உறையில் அப்படியே விட்டுவைக்கிறது. அமெரிக்க வணிக உறைகள் பலவற்றில் அது மெருகிட்டு அகற்றப்படுகிறது. கறை இல்லாததால் காய்ச்சவில்லை என்று பொருளாகாது; கறை இருப்பதால் சரியான பதத்தில் காய்ச்சப்பட்டது என்றும் உறுதியாகாது.

சீர்மை வேறு, ஆயுள் வேறு. ஒப்பீடுகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்புகின்றன. ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உறையின் அடியில் பிரைமர் அமரும் குழி. அடி இளகியிருந்தால் சில முறை சுட்டதுமே குழி விரிந்து பிரைமர் தளரும். 1970களில் பால்மிசானோவும் பிண்டெலும் .220 ரஷ்யன் உறையிலிருந்து உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. (PPC) என்ற தோட்டாவில் பிரைமரும் சிறியது. பிரைமரின் தீ மருந்தை எட்டும் தீத்துளையும் வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதில் 1.5தான். 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவின் உறையை லாபுவா செய்தபோதும் சிறிய குழியையே தேர்ந்தது. குழியின் விட்டம் 5.3இலிருந்து 4.4 மில்லிமீட்டராகக் குறையும்போது அதைச் சுற்றி மிஞ்சும் உலோகம் கூடுகிறது. கடுங்குளிரில் சிறு பிரைமரின் தீ போதுமா என்ற ஐயம் நியாயமானதே; ஆயுளைப் பொறுத்தவரை சிறு குழியே மேல் என்று கருதுகிறேன்.

இனி, ஒப்பீட்டு முறையிலுள்ள பெருங்குறை. ஐந்து குண்டுகள் சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் ஒரு உறையில் விநாடிக்கு 6 அடி, மற்றதில் 12 அடி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் உறை இருமடங்கு சிறந்தது என்று தோன்றும். ஆனால் ஐந்தே அளவீடுகளில், உண்மையான விலக்கம் கிடைத்த எண்ணின் 0.6 மடங்கு முதல் 2.9 மடங்கு வரை எங்கும் இருக்கலாம்; அந்த இரு எண்களும் வேறுபட்டவை என்றே நிறுவ முடியாது. முப்பது அளவீடுகள் இருந்தால் இந்த எல்லை 0.8 முதல் 1.34 மடங்காகச் சுருங்கும். அப்போது அதே வேறுபாடு பொருளுடையதாகும். மேலும் விலக்கங்கள் வர்க்கங்களாகவே கூடும். மருந்தும் பிரைமரும் சேர்ந்து 8 அடி விலக்கமும் உறை 3 அடியும் தந்தால் மொத்தம் 8.5 அடி. உறையைக் குறையே இல்லாததாக்கினாலும் அரை அடிதான் மிச்சம். இதை ஐந்து குண்டுகளில் கண்டதாகச் சொல்பவர் தற்செயலைத்தான் கண்டிருக்கிறார்.

ஆகவே ஒப்பீடு எழுதுவோரிடம் வேண்டுவது இது. உறைகளின் தொகுதி எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒரு பெட்டியை ஒரு நிறுவனமாக எண்ணாதீர்கள். இருவகை உறைகளையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். இல்லையெனில் குழல் சூடேறிய விளைவு உறையின் கணக்கில் சேரும். கழுத்துத் தடிமன், நீர்க்கொள்ளளவு, பலமுறை சுட்டபின் பிரைமர் குழியின் விட்டம் ஆகிய மூன்றையும் தாருங்கள். எடைப் பட்டியலை மட்டும் காட்டித் தரம் சொல்லும் ஒப்பீட்டை வாசகர் ஏற்க வேண்டியதில்லை.