சுற்றுப்பாதையும் கைக்கடிகாரமும்: மேச்சேரி மைதான ஓட்டத்தில் ஜிபிஎஸ் தொலைவுக் கணக்கு

மேச்சேரி வட்டாரத்தின் வானம்பார்த்த காட்டுவெளி ஜிபிஎஸ் கருவிக்கு வாய்ப்பான இடம். செயற்கைக்கோளின் அலையை மறைக்கவோ எதிரொலிக்கவோ மாநகரத்து உயரக் கட்டடங்கள் இங்கில்லை. அதனால் கடிகாரம் சொல்லும் தொலைவை இங்கே அப்படியே நம்பலாம் என்று தோன்றும். சாலையோட்டத்துக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி ஓடும் ஓட்டத்துக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். பிழைக்கு வானம் மட்டும் காரணமில்லை; வட்டமும் ஒரு காரணம். வட்டத்தால் வரும் பிழை சுற்றுகள் ஏற ஏறக் கரையாது, சேர்ந்துகொண்டே போகும்.

இந்தக் கணக்கு யாரைத் தொடுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். அதைத் தாண்டி 5:45க்குள் வந்தால் 48. ஒரே ஒரு விநாடி பன்னிரண்டு மதிப்பெண்ணைக் கொண்டுபோகும். இதற்காக விடியலில் பள்ளி கிரவுண்டில் ஓடும் பையன்களில் பலருக்கு 400 மீட்டர் பாதை வாய்ப்பதில்லை. 200 மீட்டர் சுற்றில் எட்டு ரவுண்டு ஓடுகிறார்கள்.

வானத்திலிருந்து வரும் குறியில் பிழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் இடஞ்சுழியாக நடப்பதால் இடக்கை எப்போதும் வட்டத்தின் உட்பக்கம் இருக்கும். உடலின் நடுக்கோட்டிலிருந்து கடிகாரம் 30 செ.மீ. உள்ளே இருந்தால், ஒரு முழுச் சுற்றில் அது உடலைவிட 1.88 மீட்டர் குறைவாகப் பயணிக்கிறது. பாதை பெரிதோ சிறிதோ இந்த எண் மாறாது. சுற்றுக்கு 360 பாகை திரும்புவது ஒன்றே கணக்கு. ஆகவே 400 மீட்டர் பாதையில் நான்கு சுற்றுக்கு ஏழரை மீட்டராக இருக்கும் இழப்பு, 200 மீட்டர் பாதையில் எட்டுச் சுற்றுக்குப் பதினைந்து மீட்டராகிறது. 5:30 வேகத்தில் அது மூன்று விநாடி. 1.6 கி.மீ.யைச் சரியாக 5:30க்கு ஓடியவனிடம் கடிகாரம் 1585 மீட்டர் என்று சொல்லும். அவன் மிச்சத்தையும் ஓடி, தன்னை 48 மதிப்பெண்காரனாக எண்ணிக்கொள்வான். அதே கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றினால் நிலைமை தலைகீழ். பதினைந்து மீட்டர் மிச்சமிருக்கும்போதே 1.6 கி.மீ. முடிந்ததாகக் காட்டும். இதுதான் ஆபத்தானது. தேர்வு நாளில்தான் அந்தப் பதினைந்து மீட்டர் அவன் கண்ணுக்குத் தெரியும்.

உண்மையில் வானக் குறியிலும் பிழை உண்டு. திறந்த வெளியில்கூட ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் தள்ளி விழும். அங்குமிங்கும் விழுவதால் சராசரியில் சரியாகிவிடும் என்பது பரவலான எண்ணம். இடத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி, தொலைவைப் பொறுத்தவரை தவறு. கோணல்மாணலான கோடு நேர்க்கோட்டைவிட நீளமானது. ஜிபிஎஸ் தரவுகளில் தொலைவு கூடித் தெரிவதை ரானாகர் குழுவினர் 2016இல் கணித முறையில் நிறுவினார்கள். இதை அடக்க, கடிகாரங்கள் பாதையைச் சீராக்கிக் காட்டுகின்றன. சீராக்கும்போது வளைவின் விளிம்பு வெட்டுப்படலாம். ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. இரண்டும் சமமாகி விடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

சில நிறுவனங்கள் தரும் ‘ட்ராக்’ முறை இதற்கு நல்ல தீர்வுதான். தடத்தின் எண்ணைச் சொன்னால், கடிகாரம் வானக் குறியைப் பாதையின் வடிவத்தோடு பொருத்திக்கொள்ளும். ஆனால் அது எதிர்பார்ப்பது 400 மீட்டர் தரப் பாதையை: 84.39 மீட்டர் நேர்ப்பகுதி, 36.50 மீட்டர் ஆரம். அங்கேயே இரண்டாம் தடத்தில் ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டர் கூடும். பள்ளி மைதானத்துச் சுண்ணாம்பு வட்டத்தை அந்த முறை அறியாது.

நூற்றுக்கு ஒன்று பிழைதானே, பயிற்சிக்குப் போதாதா என்று கேட்கலாம். உடம்பைப் பேண ஓடுபவருக்குத் தாராளமாகப் போதும். 330 விநாடியில் நூற்றுக்கு ஒன்று 3.3 விநாடி, அதை வைத்துத்தான் ஒருவனுடைய வேலையே தீர்மானமாகிறது எனில் போதாது.

ஆகவே நம்ப வேண்டியது அளந்த தரையை. அந்தத் தரையை அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விளிம்புக்கட்டை இல்லாத பாதையில் தொலைவைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே அளப்பதே விதி. 200 மீட்டர் பாதையில் நேர்ப்பகுதி 40 மீட்டர் என்றால் ஓடும் வட்டத்தின் ஆரம் 19.10 மீட்டர், சுண்ணாம்பு விழ வேண்டிய ஆரம் 18.90. முளையடித்துக் கயிறு பிடிப்பவர்கள் 19.10இலேயே கோடு போட்டுவிட்டால், எட்டுச் சுற்றில் பத்து மீட்டர் கூடிவிடும். கயிறு இழுத்தால் நீளும் என்பதால் ஆரத்தை இரும்பு டேப்பில்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் போட்ட கோட்டில் எட்டு ரவுண்டையும் ஸ்டாப்வாட்சில் எடுத்துவிட்டு, அதன் பிறகு கைக்கடிகாரம் எத்தனை மீட்டர் காட்டுகிறது, எந்தக் கையில் கட்டியிருந்தது என்பதை நோட்டில் எழுதிவைக்கலாம்.