தங்கவயலின் விளைச்சல்: ஒரு சவரனுக்கு எத்தனை கல்?

வயல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் நெற்கதிரே நிழலாடும். வடஆர்க்காட்டிலும் சேலத்திலும் சித்தூரிலும் ஏர் பிடித்த கைகள் மைசூர்ச் சீமைக்குப் பிழைக்கப் போயின. அங்கே பாறையைப் பிளந்து பொன் எடுக்கும் இடத்தையும் அவர்கள் வயல் என்றே அழைத்தனர். 'கோல்டு ஃபீல்ட்ஸ்' என்று வெள்ளையர் இட்ட பெயர் நம்மவர் நாவில் 'தங்கவயல்' ஆயிற்று. வயல் என்று ஒன்று இருந்தால் அதற்கு விளைச்சல் கணக்கும் உண்டு. காணிக்கு எத்தனை மூட்டை என்று உழவன் கேட்பதுபோல, டன் கல்லுக்கு எத்தனை கிராம் பொன் என்று கேட்பது சுரங்கத்தின் கணக்கு. அக்கணக்கையே இக்கட்டுரையில் விரித்துரைக்க விழைகின்றேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ராபர்ட்சன்பேட்டையில் பிறந்தவன் என்று நான் சொல்லக் கேட்ட அலுவலக நண்பர் ஒருவர், "உங்கள் ஊர்ச் சுரங்கத்தைத் தொழிலாளிகள்தாமே தின்று தீர்த்தார்கள்?" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் முள்ளாய்த் தைத்தது. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் சென்று வாழும் நம் குடும்பங்கள் பலவும் இச்சொல்லைக் கேட்டிருக்கும். இதற்குச் சினத்தால் விடை கூறுவதிலும் கணக்கால் விடை கூறுவதே நன்று. கணக்கெழுதிப் பிழைப்பவன் ஆதலின் எனக்குத் தெரிந்த வழியும் அதுவே.

கல்லிலிருந்து பொன்

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இப்பகுதி மண்ணில் பொன் கிடைப்பதாக 1802இல் கேள்வியுற்ற அவர், காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். உரிகம் சிற்றூரார் வண்டியில் மண் ஏற்றி வந்து, அவர் கண்முன்னே நீரில் அலசிப் பொன்துகளைக் காட்டினர். ஆங்கிலேயர் வருமுன்னரே இவ்வூரார்க்கு இத்தொழில் கைவந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. பின்னாளில் சுரங்கம் வெட்டியவர்கள் பழங்குழிகள் பலவற்றைக் கண்டதும் இதனை உறுதி செய்யும்.

வாரன் எழுதிய குறிப்பை எழுபது ஆண்டுகளுக்குப் பின் படித்தவர் மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரில் பணிபுரிந்து, பெங்களூரில் ஓய்வாக வாழ்ந்தவர் அவர். மைசூர் அரசிடம் விண்ணப்பித்து 1875இல் குத்தகை பெற்றார். கைப்பொருள் போதாமையால் சில ஆண்டுகளிலேயே உரிமையைப் பிறருக்கு மாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் களத்தில் இறங்கியது. தொடக்கத்தில் மைசூர் கம்பெனி போட்ட முதல் கரைந்துகொண்டே போயிற்று. மூடிவிடலாம் என்று பங்குதாரர் எண்ணிய வேளையில், பிளம்மர் என்னும் சுரங்க மேலாளர் பழங்குழிகளின் அடியில் மேலும் ஆழ்ந்து தோண்டுவித்தார். 1880களின் நடுவில் 'சாம்பியன்' என்னும் பொன்பாறை அடுக்கு அகப்பட்டது. உலகப் புகழ் பெற்ற அவ்வடுக்கே தங்கவயலின் வாழ்வுக்கு வேர்.

பொன் இங்கே கட்டியாகக் கிடைப்பதன்று. வெண்பளிங்குக் கல்லினுள் கண்ணுக்குப் புலப்படாத துகளாய்க் கலந்திருப்பது. கல்லை வெட்டி மேலேற்றி, இரும்பு உலக்கைகள் பூட்டிய ஆலையில் நீர் விட்டு மாவாக இடிப்பர். அம்மாவைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மீது ஓடவிட்டால் பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். தகட்டில் பிடிபடாது மணலோடு போகும் பொன்னைச் சயனைடு கரைசலால் பிரித்தெடுக்கும் முறை 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அம்முறை தங்கவயலுக்கும் வந்தபின், வீணான மணல் என்று ஒதுக்கியதும் விளைநிலமாயிற்று.

உச்சமும் இறக்கமும்

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரம் மின்திட்டம் 1902 ஜூன் 30ஆம் நாள் முடிவெய்தியது. காவிரியின் ஆற்றல் 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்து சுரங்கப் பொறிகளை இயக்கிற்று. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கடத்து வழிகளுள் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். தங்கவயலின் இருளுக்குள் மின்சாரம் அதற்கும் மூன்றாண்டு முந்தியது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இப்பகுதியின் மக்கள்தொகை 38 ஆயிரத்தைக் கடந்திருந்தது. நெரிசலைக் குறைக்க நேரான தெருக்களோடு அமைக்கப்பட்ட ஊரே ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயர் அதற்கு இடப்பட்டது.

விளைச்சல் உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1905. அவ்வாண்டில் 6 லட்சம் அவுன்சுக்கு மேல், ஏறத்தாழ 19 டன் பொன் கிடைத்தது. அதன்பின் ஏற்றம் இல்லை, இறக்கமே. 1930இல் 3 லட்சம் அவுன்சுக்குச் சற்று மேல். நாடு விடுதலை பெற்ற 1947இல் 2 லட்சத்துக்கும் கீழ். இறுதி ஆண்டுகளில் ஒரு டன்னை எட்டுவதே அரிதாயிற்று.

மொத்தக் கணக்கைப் பார்ப்போம். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 5 கோடியே 10 லட்சம் டன் கல் அரைக்கப்பட்டு, 800 டன் பொன் எடுக்கப்பட்டது. சராசரி டன்னுக்கு 16 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சராசரி மட்டும் உண்மையை உரைத்துவிடாது. தொடக்கக் காலத்தில் டன் கல்லுக்கு 47 கிராம் வரை கிடைத்த பொன், இறுதியில் 3 கிராமாகச் சுருங்கியது. இதனை நம் வீட்டு மகளிர்க்கும் விளங்கும்படி சவரனில் சொல்கிறேன். ஒரு சவரன் 8 கிராம். தொடக்க நாளில் ஒரு சவரன் பொன்னுக்கு 170 கிலோ கல் போதும். சராசரியாகப் பார்த்தால் அரை டன் கல் வேண்டும். இறுதி நாளிலோ 2 டன் 670 கிலோ கல் வெட்டி, ஏற்றி, அரைத்தாக வேண்டும். ஒரே சவரனுக்கு ஏறத்தாழ 16 மடங்கு உழைப்பு!

கல் இருந்த இடமும் அன்று இருந்த இடமன்று. மேற்பரப்பில் தொடங்கிய வெட்டு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்தது. அங்கே பாறையின் வெம்மை 60 பாகைக்கும் மேல். குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தினால் அன்றி மனிதர் நிற்க இயலாது. மலையளவு பாரம் மேலிருந்து அழுத்த, பாறை திடீரென வெடித்துச் சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்று நம்மவர் அஞ்சிச் சொன்ன நிகழ்ச்சி அதுவே. அந்த ஆழத்தை அறிவியலும் பயன்படுத்திக்கொண்டது: 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்கள் இச்சுரங்கத்தின் அடியில் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்ந்து கண்டனர். அறிவியலுக்கு ஆழம் வரம். பொன் எடுப்பதற்கோ அது செலவு.

இனி, யார் கையில் எந்தக் கல் இருந்தது என்று பாருங்கள். செழித்த கல் கிடைத்த காலமெல்லாம் சுரங்கம் இலண்டன் கம்பெனிகளின் கையில் இருந்தது. மைசூர் அரசுக்குக் கிடைத்த முதன்மையான உரிமைத்தொகை எடுத்த பொன்னில் நூற்றுக்கு ஐந்து. 1956 நவம்பர் இறுதியில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் நடுவணரசு ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. ஆழ்ந்த குழியும் மெலிந்த கல்லுமே அரசின் கைக்கு வந்தன. அக்காலத்தில் பொன்னுக்கு அதிகாரபூர்வ உலக விலை, அவுன்சுக்கு 35 டாலர். கடைத்தெருவில் பொன் எவ்வளவு உயர விற்றாலும், எடுத்த பொன் பன்னாட்டு விலைக்கே கணக்கிடப்பட்டது. செலவு ஆழத்தின் கணக்கில் ஏறியது. வரவு பழைய விலையில் நின்றது. நட்டம் வாராமல் என் செய்யும்? நிர்வாகத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆயின் 47 கிராம் 3 கிராமானது எந்தத் தொழிலாளியின் கைக்குற்றமும் அன்று. கதிர் முழுவதையும் முன்னவன் அறுத்துச் சென்ற வயலில் தாளைப் பொறுக்கியவனைச் சோம்பேறி என்பது நீதியாகாது.

கணக்கில் ஏறாதவை

அவுன்சுக் கணக்கில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாகும். 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கும் மேல் இந்நோய்க்கு ஆளாகியிருக்கக் கண்டனர். இருமலோடு வாசலில் அமர்ந்திருந்த பாட்டன்மாரை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர்கள் சுவாசித்த தூசிக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படவில்லை.

எனினும் அவர்கள் வெறும் கூலிகளாய் வாழ்ந்து மறைந்தவர் அல்லர். 'லைன்' என்று வழங்கிய சிறு குடிசை வரிசைகளிலிருந்து கல்வியும் சிந்தனையும் முளைத்தன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் சாம்பியன் ரீஃபிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனிகள் ஆணையிட்டபோது, குற்றவாளிக்குரிய அடையாளம் எமக்கு வேண்டா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று வாரம் ஆலைகள் ஓயக் கிடந்தன. ஆணை திரும்பப் பெறப்பட்டது. தன்மானம் என்ற விளைச்சலும் அவ்வயலில் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிறைவாக

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேளை தவறாது ஒலித்த சங்கு ஓய்ந்தது. பம்புகள் நின்றதால் குழிகளில் நீர் நிறைந்தது. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவு வீடு திரும்பலாயினர். அன்று கிழக்கிலிருந்து பிழைக்க வந்த மக்களின் பேரர்கள், மேற்கு நோக்கி மீண்டும் பிழைக்கப் போயினர்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் குன்றுகள் தெரியும். இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல அவை. நம் முன்னோர் வெட்டிய கல் மாவாகி, பொன் நீங்கி, குவிந்து கிடக்கும் சயனைடு மணல். மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்பர். அம்மணலில் எஞ்சியுள்ள பொன்னை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அரசு இசைவு அளித்தது. ஒருமுறை அறுத்த தாளையும் மீண்டும் கதிரடிக்க முனைகின்றனர். அவ்விளைச்சலில் ஒரு பங்கேனும் அவ்வூர் மக்களின் வீட்டுக்கும் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் சேருமாயின், பழைய கணக்கில் ஒரு வரியாவது நேராகும்.

அன்பர்களே, நம் வீட்டுப் பெட்டியில் உள்ள ஒரு சவரனைக் கையில் எடுக்கும்போது, அதன் பின்னால் இருந்த கல்லை நினையுங்கள். சுரங்கத்தைத் தின்றவர் யார் என்று எவரேனும் கேட்டால், சினம் கொள்ளாது இக்கணக்கை எடுத்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். 800 டன் பொன்னைப் பூமியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் தமக்கென்று வைத்துக்கொண்டது மிகச் சிறிது. அதனால் அவர்கள் வழிவந்த நாம் எங்குச் சென்றாலும் தலைநிமிர்ந்தே நடக்கலாம்.