பில்லே அல்ல, பிள்ளை

தென்னாப்பிரிக்காவில் நீதிபதியாக இருந்த நவநீதம் பிள்ளையை ஒரு செய்தியில் ‘பில்லே’ என்று அச்சிட்டிருந்தார்கள், மனம் பொறுக்கவில்லை. ஆங்கில எழுத்து வழியே சுற்றி வந்ததில் நம் சொல்லே நமக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. பிள்ளை என்றால் முதலில் இளமைதான்: கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை. வீட்டில் மகனும் பிள்ளை, மகளும் பிள்ளை. கணக்கெழுதியவர் கணக்கப்பிள்ளை ஆனார். பிறகுதான் அது சாதிப் பட்டமாகி ஆண்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது; அந்த வீட்டுப் பெண்களுக்கு ‘அம்மாள்’ போதும் என்றார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதன் பின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் சந்ததியிடம் முதலியார் ‘மூட்லி’யாகவும், பிள்ளை பெண்ணுக்கும் மருமகளுக்கும் உரிய பெயராகவும் மாறின. அங்குள்ள இந்தப் பிள்ளையைப் பட்டம் என்பது பொருந்தாது, ‘சர்நேம்’ என்று எழுதவும் தேவையில்லை. குடும்பப்பெயர் என்பதே சரி. பெண்ணையும் சேர்த்துக்கொண்ட அந்தப் பிள்ளைதான், என்னைக் கேட்டால், சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமானது. 1961 வரை இந்தியர்களைத் தன் நிரந்தர மக்களாகவே ஏற்காத நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே 1995-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார் நவநீதம் பிள்ளை.